டிரில் செய்தால் முடி கொட்டும் என்றார்கள்

என் தலையில் முடி குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முகத்துக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார்கள். உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தேன். முடி மெலிந்த பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும், மகளைப் பள்ளியில் சேர்க்க வந்த எவளாவது ஒரு தாய், என் கொண்டையை ஓரக்கண்ணால் அளந்துவிட்டு, டிரில் செய்தால் முடி கொட்டுமா என்று கேட்காமல் போனதில்லை. கொட்டாது என்பேன். அவள் மறுபடியும் என் கொண்டையைப் பார்ப்பாள். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் உன் மகளை நிழலில் உட்கார வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிரு, எனக்கென்ன வந்தது என்று சொல்ல வாய் துடிக்கும். டீச்சர் அப்படிப் பேசக் கூடாதே என்று மென்று விழுங்கிவிடுவேன். இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி விழுங்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்கும் எனக்கும் பழைய பகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயது நடந்தபோது, இதே கேள்வி என் படிப்பை நிறுத்தப் பார்த்தது.

எங்களுக்குப் பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற கட்டுத்தரை, அதைத் தாண்டினால் படிக்கட்டு வைத்த பெரிய கல்கட்டுக் கிணறு. கோயம்புத்தூரில் வக்கீல் வீட்டுப் பெண்கள் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்த அப்பாவுக்குத் தன் மகளும் படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அம்மா எதிர்த்தாள். அப்பா எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிறவர். அந்த முறை கடைசியாகப் பேசியது நான். அப்படித்தான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில் தங்கி, ஐந்தாம் பாரம், அதாவது இப்போதைய பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்திருந்தேன். இன்னும் ஒரு வருஷம், ஆறாம் பாரம் முடித்துவிட்டால் டிரில் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். இதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

எதற்காக அப்படி ஒரு முடிவு என்றால், பெரியவளானதிலிருந்து வீட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் உடம்பைச் சுருக்கிக்கொள்வதுதான். கையை வீசி நடக்காதே, காலை அகட்டி வைக்காதே, ஓடாதே, குதிக்காதே. கிணற்றில் நீச்சல் பழகக்கூட அம்மா விடவில்லை. அவள் தானும் கிணற்று மேட்டுப் பக்கமே போக மாட்டாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட மைதானத்திலோ, வரிசையில் நின்று இரண்டு கையையும் முழு நீளத்துக்கு நீட்டு என்றார்கள். நீட்டினேன். என் கை அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மர டம்பெல், சலங்கை கோத்த லேசியம், ஸ்கிப்பிங் கயிறு, ஓட்டம் என்று எதைக் கொடுத்தாலும் ஆசையாகச் செய்தேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடும்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. கலியாணத்திலும் கண்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டிரில் டீச்சர் கிறிஸ்தவர். கான்வாஸ் ஷூவும், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிய வெள்ளைச் சேலையுமாக வருவார். நல்ல தோள் அகலம். விசில் ஊதினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். முடிதான் கொஞ்சம். பின்னந்தலையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கொண்டை. உண்மையைச் சொன்னால் அதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா கண்ணில்தான் முதலில் பட்டது.

அது நடந்தது தீபாவளி லீவு முடிந்து. அந்த லீவில் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒன்றாக விஷக்காய்ச்சல் கண்டு, இரண்டு பேரும் ஒரே அறையில் பாயோடு பாயாகக் கிடந்தோம். அம்மா தூங்கவே இல்லை. கஞ்சித் தண்ணீரும் வேப்பிலையுமாக எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே பழனி முருகனிடம் பேரம் பேசினாள். அண்ணன் பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு அவனுக்கு மொட்டை. நான் பிழைத்தால் மாவிளக்கு. கலியாணத்துக்கு நிற்கிற பெண்ணின் முடியை யாராவது நேர்ந்துகொள்வார்களா? இரண்டு பேரும் பிழைத்தோம். உடம்பு தேறியதும் அம்மாவே என்னை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டாள். அன்றைக்குத்தான் மைதானத்தில் டிரில் டீச்சரின் முதுகுப்பக்கத்தைப் பார்த்தாள். மனசில் முடிந்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

பொங்கல் லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது என் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது, கையை வைத்தால் கையோடு வந்தது. அதுவரை என் சடை முழங்காலைத் தொடும். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு, வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்துத் தடவி அம்மா வளர்த்த முடி அது. அவள் என்னை முன்னால் உட்கார வைத்துச் சீவச் சீவ, உதிர்ந்ததைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கொட்டாங்குச்சிக்குள் போட்டாள். கொட்டாங்குச்சி நிரம்பியது. இரண்டாவது கொட்டாங்குச்சி வந்தது. எனக்கு எதிராகச் சாட்சி சேர்க்கிறாள் என்று எரிச்சல்பட்டேன்.

அவள் கண்டுபிடித்த காரணம் டிரில். அந்த டீச்சரம்மா தலையைப் பார்த்தாயா, குதிச்சுக் குதிச்சு உடம்புச் சூடு தலைக்கேறி வேரைப் பொசுக்கிவிட்டது, உனக்கும் அதேதான் என்றாள். நான் விடவில்லை. தோட்டத்தில் களையெடுக்கிற பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் குனிந்து நிமிர்கிறார்கள். மட்டை சுமக்கிறார்கள், வெயிலில் தேங்காய் பொறுக்குகிறார்கள். அவர்களுக்குக் கொண்டை கொண்டையாக இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா கொஞ்சம்கூட அசரவில்லை.

"அது வேலை கண்ணு. வேலைச் சூடு மண்ணுக்குப் போயிரும். இது வெறுஞ் சூடு. போறதுக்கு எடமில்லாம மேலதான் ஏறும்."

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தைச் சுற்றி விடிய விடியக் குதித்து ஆடுகிறார்களே என்றேன். அது சாமிக்கு ஆடுவது என்றாள். சாமிக்கு ஆடினால் சூடு ஏறாது, வேலை செய்தால் சூடு ஏறாது, ஒரு பெண் தன் உடம்புக்காகத் தானே குதித்தால் மட்டும் சூடு ஏறும். இந்த மருத்துவத்தை எந்த வைத்தியர் சொன்னார் என்று நான் கத்தினேன். பெண் கத்தினாலும் சூடுதான் என்றாள்.

எனக்கு மிகவும் கோபமூட்டிய விஷயம் அண்ணன். அவனுக்கும் அதே காய்ச்சல், அதே மாதத்தில் அவனுக்கும் முடி கொட்டியது. தலையணை உறையெல்லாம் முடி. ஆனால் அவன் வாழ்நாளில் ஓடியவனல்ல, குதித்தவனுமல்ல. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்த மாட்டான். கட்டிலிலிருந்து ஊஞ்சலுக்கு, ஊஞ்சலிலிருந்து கட்டிலுக்கு, அவ்வளவுதான் அவனுடைய தேகப்பயிற்சி. அவன் தலையணையை எடுத்து வந்து நடுவீட்டில் போட்டேன். இவன் எந்த டிரில் செய்தான் என்று கேட்டேன். அண்ணன் பாவம், நல்லவன். ஊஞ்சலை நிறுத்திவிட்டு, ஆமாம், எனக்கும்தான் கொட்டுகிறது என்று எனக்காகச் சாட்சி சொன்னான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்பிளைக்கு முடி எதற்கு என்று முடித்துவிட்டார்கள்.

இதற்குள் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் மூத்த அண்ணன், உடுமலைப்பேட்டைப் பக்கம் பெரிய பண்ணயம். அங்கே கிணற்றுக்கு முதன்முதலாகக் கரண்டு மோட்டார் வைத்தவர். அதிலிருந்து உலகத்தில் எல்லாமே ஒரு பொத்தானை அழுத்தினால் நடந்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு. அவர் மகனுக்கு நான் என்று நான் பிறந்தபோதே பேசி வைத்தாயிற்று. அந்த மச்சானைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. மாமா என் தலையைப் பார்த்தார். கொட்டாங்குச்சிகளைப் பார்த்தார். படிப்பு போதும் என்றார். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் பழனிக்குப் போவோம், பையனுக்கு மொட்டை போட்டுவிட்டு அங்கேயே சாமி முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வோம், வைகாசியில் கலியாணம், அதுவரை பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முடி தானாக நின்றுவிடும் என்றார். கடைசியாகப் பேசியது மாமா. அப்பா தலையாட்டிவிட்டார்.

பங்குனி வரைக்கும் பள்ளிக்கூடம் போக விட்டார்கள், டிரில் கூடாது என்ற கட்டளையோடு. கட்டளை பொள்ளாச்சியில் இருந்தது, நான் கோயம்புத்தூரில் இருந்தேன். ஒரு வகுப்புக்கூட விடவில்லை. முடி அதுபாட்டுக்குக் கொட்டியது, நான் பாட்டுக்குக் குதித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் பயம். ஆறாம் பாரம் போய்விடும், டிரில் பயிற்சி போய்விடும், கையை நீட்டக்கூடிய அந்த மைதானம் போய்விடும். உடுமலைப்பேட்டையில் ஒரு பெரிய வீட்டில், கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும்.

பழனிக்கு ரயிலில் போனோம். மாமா வீட்டார் உடுமலைப்பேட்டையில் ஏறிக்கொண்டார்கள். கூடை நிறைய வெற்றிலை பாக்கும் பழமும், பட்டுச் சேலையும் கொண்டுவந்திருந்தார்கள். அடிவாரத்தில் முடி இறக்குகிற இடத்தில் உத்திரக் கூட்டம் நெரிந்தது. தண்ணீரும் முடியும் சந்தனமுமாகத் தரையெல்லாம் சொதசொதவென்றிருந்தது. அண்ணன் பலகையில் உட்கார்ந்தான். நாவிதர் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, கத்தியை உச்சியில் வைத்து வழித்தார். காய்ச்சலில் கொட்டியது போக மிச்சமிருந்ததும் போய், அண்ணன் தலை தேங்காய் மாதிரி வெளியே வந்தது. அவன் எழுந்தான். நான் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன்.

முன்கூட்டியே திட்டம் போட்டேனா என்றால், இல்லை. அண்ணன் தலையைப் பார்த்த அந்த நிமிஷத்தில் வந்த யோசனை. சடையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, எனக்கும் எடுங்கள் என்றேன். நாவிதர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, எந்திரி அம்மிணி என்றார். அவர் குரலில் அந்த மோட்டார்ப் பொத்தான் இருந்தது.

"நேந்துக்கிட்டனுங்க மாமா. காய்ச்சல்ல கெடந்தப்ப. சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன், இனி மாத்த முடியாதுங்க."

காய்ச்சலில் நேர்ந்தேனா, பலகையில் உட்கார்ந்தபோது நேர்ந்தேனா என்பது எனக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம். இதைப் பொய் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் ஊரில் மகள் சொன்னதைத் தட்டலாம், மனைவி சொன்னதைத் தட்டலாம், பழனிக்கு நேர்ந்ததை மட்டும் ஒருவரும் தட்ட முடியாது. மாமா வாயைத் திறந்தார். சுற்றிலும் காவடிக் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார். அப்பா மெதுவாக, சாமி காரியம், எடுத்துவிடுங்கள் என்றார்.

கத்தி குளிர்ச்சியாக இருந்தது. முழங்கால் வரைக்கும் இருந்த முடி என் மடியில் விழுந்து, மடியிலிருந்து தரைக்கு வழுக்கியது. அம்மா சத்தம் போடாமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். இனி கொட்டுவதற்கு ஒன்றுமில்லை. இங்கிருந்து முளைக்கட்டும். நான் ஒரு நாள் விடாமல் குதிப்பேன். முளைக்கிறதா இல்லையா என்று எல்லாரும் கண்ணால் பார்க்கட்டும்.

பட்டுச் சேலை கூடையிலிருந்து வெளியே வரவில்லை. மொட்டைத் தலையோடு பெண்ணை மணவறையில் உட்கார வைக்க முடியாதே. முடி வளரட்டும், அடுத்த தையில் பார்க்கலாம் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தார். பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என்னை வீட்டில் வைத்துக்கொண்டால் வருகிற ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது என்று அப்பா யோசித்தார். முடி வளரும் வரைக்கும் கண்மறைவாகப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று அவராகவே என்னை ஆறாம் பாரத்துக்கு அனுப்பிவைத்தார். படிப்பை நிறுத்த நினைத்தவர்களே என் மொட்டையை ஒளிக்கப் படிக்க வைத்தார்கள்.

ஹாஸ்டலில் கேலிக்குக் குறைவில்லை. டிரில் டீச்சர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காரணம்கூடக் கேட்காமல், வரிசையில் போய் நில் என்றார். போய் நின்றேன். அந்த வருஷம் நான் ஆடியதுபோல் அந்த மைதானத்தில் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். காலையில் ஸ்கிப்பிங், சாயங்காலம் டிரில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஓட்டம். காற்று நேராகத் தலைத்தோலில் படும் சுகத்தை மொட்டை போட்டு ஓடியவர்களிடம்தான் கேட்க வேண்டும். லீவில் வீட்டுக்குப் போனால் கட்டுத்தரையில், கிணற்றுக் கயிற்றில் மிச்சமான ஒரு துண்டை வைத்துக்கொண்டு குதித்தேன். ஒளிந்து செய்யவில்லை, அம்மா கண்ணெதிரில் செய்தேன்.

அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்தாள். காய் நறுக்குகிற கை நிற்பதும், என்னையே பார்ப்பதும், மறுபடி நறுக்குவதுமாக இருப்பாள். நான் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தால் தலையைத் தடவிப் பார்ப்பாள். முள்ளு முள்ளாகக் குத்தியது, பிறகு புல் மாதிரி படிந்தது, தீபாவளிக்குக் காதைத் தொட்டது. அடர்த்தியாக, கறுகறுவென்று வந்தது. உதிரவில்லை. நான் நல்லெண்ணெய் தேய்த்துவிடச் சொன்னால் தேய்த்துவிடுவாள், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அம்மா எதையோ கணக்குப் போடுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ள மனசில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பொங்கலுக்கு மாமா வந்தார். முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து, பிடரியில் புரண்டுகொண்டிருந்த என் முடியைப் பார்த்தார். முருகன் கண்ணைத் திறந்துவிட்டான், மாசியிலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்வோம் என்றார். பள்ளியிறுதிப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு என்றேன். அதெல்லாம் வேண்டாம், இனிமேல் அந்த மைதானத்தில் காலை வைத்தால் வந்த முடியும் போய்விடும் என்றார். வருஷம் முழுவதும் குதித்துக்கொண்டேதானுங்க இருந்தேன், குதித்துக்கொண்டிருக்கும்போதுதானுங்க இது வளர்ந்தது என்றேன். அவர் நம்பவில்லை. கயிற்றைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தேன். மாமா அதைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டியின் கழுத்தில் அதைக் கட்டி, முனையை முளைக்குச்சியில் முடிந்துவிட்டு, முடிந்தது விஷயம் என்பதுபோலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா தலையாட்டத் தயாராக இருந்தார். இந்த முறை இறக்குவதற்குப் பழனியும் இல்லை, நேர்வதற்குச் சாமியும் இல்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் எல்லாருக்கும் நடுவில் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். என் அம்மாவின் கொண்டை ஊரறிந்தது. பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் தலை வாருவாள், கதவைச் சாத்திக்கொண்டுதான் எண்ணெய் முழுக்கு. என்னைக்கூடப் பக்கத்தில் விட்டதில்லை. அந்தக் கொண்டை முழுசாக அவள் கையோடு வந்தது. கை தடிமனுக்கு ஒரு சவுரி, ஒட்டுமுடி. அதை மாமா உட்கார்ந்திருந்த கட்டிலில், அவர் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் சொந்த முடி பிடரியில் எலிவாலாகத் தொங்கியது. உச்சியில் தோல் தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, என்ற தலையப் பாருங்க. நா எந்த டிரில்லுக்குப் போனனுங்க?"

மாமா பார்க்கவில்லை. கன்றுக்குட்டியைப் பார்த்தார்.

"மொதப் பையனப் பெத்ததும் முடி கொட்டுச்சு. கெணத்துல நீச்சலடிச்சுத்தான் கொட்டுதுன்னு நீங்க சொன்னீங்க, என்ற மாமியாரும் சொன்னாங்க. சரின்னு உட்டேன். அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் கெணத்து மேட்ட மிதிக்கல. முடி வந்துதுங்களா?"

அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் சேர்த்து வைத்த கொட்டாங்குச்சிகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அது எனக்கு எதிரான சாட்சி இல்லை. என் கலியாணத்துக்கு எனக்கொரு சவுரி கட்ட வேண்டியிருக்கும் என்று, என் முடியையே எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள். தன்னைப்போல நானும் கதவைச் சாத்திக்கொண்டு தலை வார வேண்டிவருமே என்ற பயத்தில் சேர்த்தது அது. பாவி, நான் அவளோடு எவ்வளவு மல்லுக்கு நின்றேன்.

அம்மா குனிந்து, கன்றின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். கடைசியாகப் பேசியது அம்மா. அப்பா, பரீட்சை என்றைக்குக் கண்ணு என்று என்னைக் கேட்டார்.

பரீட்சை எழுதினேன், தேறினேன், பயிற்சிக்கும் போனேன். கலியாணம் பிற்பாடு நடந்தது, வேறொருவரோடு, என் இஷ்டப்பட்ட காலத்தில். மச்சான் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். குனிந்து தன் கால் விரலைக்கூடத் தொட்டறியாத அந்த மனிதருக்கு முப்பது வயதுக்குள் தலை பளபளவென்று ஆகிவிட்டது. அவருக்கு எந்தச் சூடு ஏறியது என்று மாமாவை ஒரு கலியாண வீட்டில் வைத்துக் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் பந்திக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார்.

பெரிய காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், தானாக வளரும். பிள்ளை பெற்றவர்களுக்கும் அப்படிக் கொட்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மொட்டை போட்டதால் என் முடி வரவில்லை, குதித்ததாலும் வரவில்லை. வருகிற நேரத்துக்கு வந்தது. அம்மாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதற்கு யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. நாற்பதைத் தாண்டியதும் எனக்கும் அவளைப்போலவே உச்சி மெலிந்துவிட்டது. வம்சத்தில் வருவதாக இருக்கலாம். டிரில் டீச்சருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். மொட்டைக்குப் பிறகு வளர்ந்த என் முடியை முருகன் கொடுத்தான் என்றே வீட்டில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் சவுரி வைத்துக்கொண்டதில்லை. இந்தத் தலையோடுதான் மைதானத்தில் நின்று விசில் ஊதினேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்து நான் ஊருக்கு வந்த அந்தச் சித்திரை வெயிலில், ஒரு நாள் மத்தியானம், ஆண்களெல்லாம் சந்தைக்குப் போயிருந்தபோது, அம்மா என்னைக் கூப்பிட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, வா என்றாள். கட்டுத்தரையைத் தாண்டி, கிணற்று மேட்டில் ஏறினாள். படி இறங்குவதற்கு முன்னால் நின்று, கொண்டை ஊசியை உருவி, சவுரியை என் கையில் கொடுத்தாள்.

"இதப் புடி கண்ணு. நனஞ்சா காய ரெண்டு நாளாவும்."

சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குதித்தாள். எதிர்ச்சுவர் வரைக்கும் நீந்திப் போய், கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மூச்சிரைக்கப் படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும் போனாள்.

அதற்குப் பிறகும் அம்மாவுக்கு முடி வளரவில்லை. நீச்சலையும் அவள் விடவில்லை.